குடிக்காதவரின் கல்லீரல்

லெப்பைக்குடிகாட்டில் பர்சானாவிடம் நலம் விசாரித்து யாரும் ஒரு கெட்ட செய்தியை வாங்கிவிட முடியாது. "அல்ஹம்துலில்லாஹ், சௌக்கியமா இருக்கோம்" என்பாள். கூரை இடிந்து விழுந்துகொண்டிருந்தாலும் அதைத்தான் சொல்வாள். அவள் பொய்க்காரி அல்ல. வாழ்ந்த வாழ்க்கை அப்படி. புருஷன் காமில் நிக்காஹ் முடிந்த கையோடு சவுதியின் தம்மாமுக்கு விமானம் ஏறியவர். லீவில் வருவார், போவார். போனில் கெட்டதைச் சொன்னால் கடல் தாண்டி இருக்கிற மனுஷன் என்ன செய்வார்? சோறு இறங்காமல் கிடப்பார், அவ்வளவுதானே? மகள் ஃபர்ஹா டெங்குவில் கிடந்தபோதும் "லேசா சளி பிடிச்சிருக்கு" என்றுதான் சொன்னாள்.

காமிலும் சளைத்தவரில்லை. தம்மாமில் ஒரு டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது, இப்போதே உடம்பைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார். அதை அவர் வீட்டில் சொன்னது ஊரோடு வந்து கடை போட்டுப் பல வருஷம் கழித்துத்தான். அதுவும் சிரித்துக்கொண்டே. "கொழுப்பு சேராம எலும்பா சேரும்? நல்லா சாப்பிடுறவன் வயிறு அப்படித்தான் இருக்கும்."

வெளிநாட்டுச் சம்பாத்தியக் குடும்பங்களில் இது வழக்கம். ஒருத்தரை ஒருத்தர் வருத்தப்பட வைக்கக் கூடாது என்கிற அன்பில் செய்கிற காரியம். ஆனால் நோய் வந்து குடியிருக்க இதைவிடத் தோதான வீடு கிடையாது.

முதல் அடையாளம் போன கோடையில் தெரிந்தது. கடையிலிருந்து வந்து கால் நீட்டிப் படுத்த காமிலுக்குப் பர்சானா தைலம் தேய்த்தாள். கணுக்காலுக்கு மேலே விரல் பட்ட இடம் குழிந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது, பிசைந்த மாவில் அழுத்தினது போல. அவளும் பார்த்தாள், அவரும் பார்த்தார். அவள் இன்னும் கொஞ்சம் தைலம் ஊற்றித் தேய்த்தாள். பிறகு கண் மஞ்சளாயிற்று. உடம்பெல்லாம் அரிப்பு. தோளும் கையும் வற்றிக்கொண்டே போக, வயிறு மட்டும் முன்னே தள்ளியது. மஞ்சள் காமாலை என்று யாரோ அரைத்துக் கொடுத்த பச்சிலையை வெறும் வயிற்றில் குடித்துப் பார்த்தார். அதில் கொஞ்ச காலம் வீணாய்ப் போனது.

பர்சானாவுக்கு நோயைவிட அதன் பெயர்தான் பயமாக இருந்தது. அந்தப் பக்கத்தில் கல்லீரல் கெட்டுச் செத்தவன் என்றால் குடித்துச் செத்தவன் என்று அர்த்தம். அடுத்த ஊர் அய்யம்பெருமாள் இதே மாதிரி வயிறு வீங்கித்தான் போய்ச் சேர்ந்தான். காமில் ஐந்து வேளையும் தொழுகிறவர், அந்த வாடை அடித்தாலே மூக்கைப் பொத்துகிறவர். இருந்தால் என்ன? பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்று சொல்கிற ஊர்தானே! "அங்க தனியா இருந்தப்ப என்ன பண்ணினாரோ, யாருக்குத் தெரியும்" என்று ஒரு வாய் ஆரம்பித்தால் போதும். அதிலும் இப்போது ஃபர்ஹாவுக்குப் பேச்சு நடக்கிறது. கிழக்குத் தெரு பீர் முகமது, ஜன்னத் தம்பதியின் மகன் உசாமா. கத்தாரில் நல்ல வேலை, நல்ல பிள்ளை. குடிகாரன் மகள் என்று ஒரு சொல் காதில் விழுந்தால் அந்தக் குடும்பம் வாசற்படி ஏறுமா?

அதனால் டாக்டரிடம் போகவும் ஒரு தந்திரம் செய்தாள். பக்கத்தில் பெரம்பலூர் இருக்கிறது. ஆனால் பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினால் அது பஸ்ஸே இல்லை, தெருவைத் தூக்கிச் சக்கரத்தில் வைத்த மாதிரி. எங்கே போறீங்க, யாருக்கு உடம்பு, எந்த டாக்டர் என்று இறங்குவதற்குள் வயிற்றிலிருப்பதைப் பிடுங்கிவிடுவார்கள். ஆகவே அரியலூர். பஸ் மாறி, சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் தூசி குடித்துக்கொண்டு, தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத ஊருக்குப் போனார்கள்.

டாக்டர் பாலசுந்தரம் எடுத்த எடுப்பில் "குடிப்பீங்களா?" என்று கேட்டார். பர்சானாவுக்கு நெருப்பை மிதித்தது போல ஆயிற்று. "அது எங்களுக்கு ஹராம் சார்" என்றாள்.

"கோச்சுக்காதீங்கம்மா. எல்லாரையும் கேக்குறதுதான்" என்றவர், ரத்தமும் ஸ்கேனும் பார்த்துவிட்டுச் சொன்னார். மஞ்சள் காமாலைக் கிருமி எதுவும் இல்லை. சர்க்கரையும் உடல் எடையும் சேர்ந்து கல்லீரலில் கொழுப்பை ஏற்றி, அது புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகி, இப்போது தழும்பாகவே இறுகிப் போயிருக்கிறது. ஆங்கிலத்தில் சிரோசிஸ். "குடிச்சவங்களுக்கும் இதே நோய்தான், குடிக்காதவங்களுக்கும் இதே நோய்தான். கல்லீரலுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இறுகினது இனி பழையபடி ஆகாது. இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம்."

உப்பைக் குறைக்கணும். மூட்டு வலி மாத்திரையும் பச்சிலையும் கூடவே கூடாது. நீர் வடிய மாத்திரை. கடைசியில் ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்து நிறுத்திச் சொன்னார். "இந்த இனிப்பு மருந்துதான் ரொம்ப முக்கியம். தினம் ரெண்டு மூணு தடவை வயிறு போகணும். போகலைன்னா கல்லீரல் சுத்தம் பண்ணாத விஷம் மூளைக்கு ஏறும். பகல்ல தூங்கி ராத்திரி முழிப்பாரு, பேச்சு குழறும், நடை தள்ளாடும். ரத்த வாந்தியோ, தார் மாதிரி கறுப்பா மலமோ போனாலும் சரி, ஒரு நிமிஷம் நிக்காம பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடணும்."

பர்சானா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஃபர்ஹாவிடம் வந்து "அத்தாவுக்கு வாயுத் தொந்தரவு" என்றாள்.

மருந்து வேலை செய்தது. வீக்கம் வடிந்தது, முகம் தெளிந்தது. புதன்கிழமை நிச்சயம் என்று நாள் குறித்தார்கள். அப்போதுதான் பர்சானா அந்தக் காரியத்தைச் செய்தாள். மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது பெண்ணைப் பெற்றவர் அடிக்கடி எழுந்து பாத்ரூமுக்கு ஓடினால் நன்றாகவா இருக்கும்? திங்கட்கிழமையே பாட்டிலை எடுத்து அலமாரியில் துணிக்குப் பின்னால் வைத்தாள். நாலு நாள்தானே என்று நினைத்தாள். காமிலுக்கும் அது வசதியாக இருந்தது. வெள்ளை வேட்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சம்பந்திக்குச் சமமாகப் பிரியாணி சாப்பிட்டு, கை குலுக்கி அனுப்பினார். ஜன்னத் போகும்போது பர்சானாவின் கையைப் பிடித்து "அண்ணன் நல்லா தேறிட்டாரு" என்றாள். "சௌக்கியமா இருக்காரு" என்றாள் பர்சானா.

வெள்ளிக்கிழமை காலை முழுக்கக் காமில் தூங்கினார். பாங்கு சொன்னதும் எழுந்து உட்கார்ந்து, "ஷிஃப்டுக்கு நேரமாச்சு, வேன் வந்துடுச்சா?" என்று தம்மாமிலேயே இருப்பவர் போலக் கேட்டார்.

பர்சானா கட்டிலருகே ஓடி வந்தாள். "எந்த வேனுங்க? இன்னைக்கு ஜும்ஆ."

"ஆமா, ஜும்ஆ" என்று சட்டையை எடுத்தார். பொத்தான் ஒன்றுக்கொன்று மாறிப் போனது. வார்த்தை வாயிலேயே உருண்டது. ஒரு கால் முன்னே போக உடம்பு பக்கவாட்டில் சாய்ந்து சுவரில் மோதினார். பார்க்கிறவர்களுக்கு வேறு எதுவும் தோன்றாது. முட்டக் குடித்தவனின் நடைதான் அது.

டாக்டர் சொன்னது அவளுக்கு வரிக்கு வரி ஞாபகம் வந்தது. ஆனால் இப்போது வெளியே தூக்கிப் போனால்? தெரு நிறைய ஆண்கள் தொழுகைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நிச்சயம் முடிந்து முழுசாக இரண்டு நாள் ஆகவில்லை. ஜும்ஆ முடிந்து தெரு அடங்கட்டும், பிறகு போகலாம் என்று மனசு சொன்னது. அவரை அறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டாள்.

அவர் கதவைத் தட்டினார். பிறகு இடித்தார். "தொறடி, தொழுகை போச்சு!" என்று கத்தினார். பக்கத்து வீட்டில் பெண்கள் இருக்கிறார்களே! பர்சானா சமையலறைக்கு ஓடி மிக்ஸியைப் போட்டுவிட்டாள். உள்ளே ஒரு பருப்பு இல்லை. காலி ஜார் கடகடவென்று அலற, அதன் மூடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு துஆ ஓதினாள்.

"அம்மா, மிக்ஸி எரிஞ்சிடும்! அத்தாவுக்கு என்னம்மா?" என்று ஃபர்ஹா அழுதுகொண்டே வந்து சுவிட்சை அணைத்தாள்.

மிக்ஸி நின்றது. கதவு இடிக்கிற சத்தமும் இல்லை. அந்த அமைதிக்குப் பர்சானா பயந்தது போல வாழ்க்கையில் எதற்கும் பயந்ததில்லை. ஓடிப்போய்த் தாழ்ப்பாளை எடுத்தாள். காமில் தரையில் சரிந்து கிடந்தார். கண் பாதி திறந்திருந்தது. "என்னங்க, நான் யாரு, பாருங்க" என்று உலுக்கினாள். அவர் பார்த்தார். ஆனால் அது பர்சானாவைப் பார்க்கிற பார்வையாக இல்லை.

அந்த நேரத்தில் தெருவில் ஆண் துணை ஏது, அத்தனை பேரும் பள்ளிவாசலில். ஃபர்ஹா போன் செய்தது ஆட்டோக்காரர் கொளஞ்சிக்கு. குடித்து வயிறு வீங்கிச் செத்த அய்யம்பெருமாளின் தம்பி அவர். வந்து ஒரு கேள்வி கேட்காமல் காமிலின் தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கினார்.

பள்ளிவாசல் முன்னால் ஆட்டோ வரவும் தொழுகை முடிந்து ஜனம் வெளியே வரவும் சரியாக இருந்தது. முன்னேயும் போக வழியில்லை, பின்னேயும் போக வழியில்லை. வெள்ளைத் தொப்பிகள் சுற்றி நின்றன. ஒருத்தர் குனிந்து உள்ளே பார்த்தார். பர்சானாவின் மடியில் தலை தொங்க, வாயோரம் எச்சில் வடியக் கிடந்தார் காமில்.

"என்ன இது? காமில் தண்ணி போட்டிருக்காரா?"

பக்கத்தில் நின்ற பீர் முகமதுவின் முகத்தைப் பர்சானா பார்த்தாள். எதற்காக ஒளித்தாளோ, எதற்காகப் பஸ் மாறி மாறிப் போனாளோ, அது அத்தனை பேர் முன்னாலும் வந்து நின்றது. எப்போதும் சொல்கிற சொல் நாக்கு நுனி வரை வந்தது. மடியிலிருந்த தலை கனத்தது. அவள் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, அந்தத் தெரு அதுவரை கேட்டிராத குரலில் கத்தினாள்.

"குடிக்கல! அவரு ஒரு சொட்டு குடிச்சதில்ல. அவருக்குக் கல்லீரல் நோய். சர்க்கரையால வந்தது. மருந்தை நிறுத்தினது நான். மறைச்சதும் நான்தான். உசுரு போயிட்டிருக்கு, வழி விடுங்க!"

பீர் முகமதுதான் முதலில் அசைந்தார். இரண்டு கையாலும் கூட்டத்தை விலக்கி, "தள்ளுங்க, தள்ளுங்க" என்று ஆட்டோவுக்கு முன்னால் ஓடினார்.

ஊர் எல்லை தாண்டியதும் கொளஞ்சி திரும்பாமலே சொன்னார். "எங்க அண்ணன் குடிச்சுத்தான்க்கா போனான். நாங்க அதையும் காமாலைன்னு சொல்லித்தான் காரியம் பண்ணினோம். நேரா டாக்டர்கிட்ட போயிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பான்."

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் நந்தினி என்கிற இளம் டாக்டர் காமிலின் கையை நீட்டிப் பிடிக்கப் பார்த்தார். கை விசிறி போல ஆடியது. "ஏற்கெனவே மருந்து சாப்பிடுறாரா? விடாம குடுத்தீங்களா?"

"குடு..." என்று ஆரம்பித்த பர்சானா பல்லைக் கடித்துக்கொண்டாள். "இல்லம்மா. திங்கக்கெழமையோட நிறுத்திட்டேன். வூட்ல விசேஷம். வயிறு போய் நாலு நாளாச்சு."

டாக்டர் திட்டவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு எனிமா வைக்கச் சொன்னார், ஊசி போடச் சொன்னார். பிறகு, "நல்ல வேளை, உண்மையைச் சொன்னீங்க. இல்லன்னா வேற என்னென்னவோ தேடிக்கிட்டு நேரம் போயிருக்கும்" என்றார். இன்னும் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பர்சானா கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

மறுநாள் பிற்பகல் அஸர் தொழுகை நேரத்தில் காமில் கண்ணைத் திறந்து, "ஃபர்ஹா எங்க?" என்றார். பெயர் சரியாக வந்தது. பர்சானா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். மீண்டுவிட்டார் என்று அர்த்தமில்லை. இது திரும்ப வரலாம். தொண்டைக்குக் கீழே வீங்கிய ரத்தக் குழாய் இருக்கிறதா என்று குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். ஒருநாள் மாற்றுக் கல்லீரல் பேச்சுகூட வரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அன்று சாயங்காலம் ஜன்னத் தனியாக வந்தாள். அவளைக் கண்டதும் பர்சானா எழுந்து நின்றாள். நிச்சயத்தை முறிக்க ஆண்களை அனுப்பாமல் அவளே வந்திருக்கிறாள் என்று நினைத்தாள். வெளியே வராந்தாவுக்குக் கூட்டிப் போனாள். ஜன்னத் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ரகசியமாகப் பேசினாள்.

"சம்பந்தி, நேத்து பள்ளியிலேர்ந்து வந்ததுலேர்ந்து எங்க வூட்டுக்காரரு சரியா சாப்பிடல. கைலியைத் தூக்கி வச்சுக்கிட்டுக் காலை அமுக்கி அமுக்கிப் பாக்குறாரு. குழி விழுது, மேல வரவே மாட்டேங்குது. அவரும் சர்க்கரைக்காரருதான். ரொம்ப நாளாவே இருக்குது. நீங்க என்ன நெனப்பீங்களோன்னு ரெண்டு பேரும் மூச்சு விடல." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அரியலூர்ல யாரையோ பாத்தீங்களாமே, ஃபர்ஹா சொல்லுச்சு. யாருக்கும் தெரியாம எப்படிப் போனீங்க, சொல்லுங்க."

பர்சானா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். போக வேண்டிய வழியை அவள் சொல்லவில்லை. "யாருக்கும் தெரியாம போய்த்தான் இங்க வந்து நிக்கிறேன் சம்பந்தி. நாளைக்கு ஞாயித்துக்கெழமைன்னு பாக்காதீங்க. இப்பவே போன் போட்டு அவரை இங்க வரச் சொல்லுங்க."

ஜன்னத் போனை எடுத்தாள். முதலில் ரகசியமாகத்தான் தொடங்கினாள். பர்சானாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு குரல் உயர்ந்தது, வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமாங்க, பெரம்பலூருக்குத்தான். இப்பவே கெளம்பி வாங்க. அதெல்லாம் சுத்தி வர வேணாம், நம்ம ஊரு பஸ்ஸுலயே ஏறி வாங்க."