லிஃப்ட் பாக்க வாரேன்

காத்திருப்பது ஒரு செயலா, அல்லது செய்ய ஒன்றுமில்லாத நிலைக்கு நாம் வைத்த பெயரா? மாரக்காளின் வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி ஒருமுறையாவது வந்திருக்கும். அவளுக்கு வந்ததா என்பது தெரியாது. பொறுமைசாலி என்று ஊரில் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். வேறு வழியில்லாதவர்களைப் பொறுமைசாலி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நமக்கு எளிது.

திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே எட்டு கிலோமீட்டரில், மலை தெரியும் தூரத்தில், அவர்களுக்கு நாலரை ஏக்கர் மேட்டுக்காடு, புன்செய் நிலம். நிலக்கடலையும் மரவள்ளியும் போடுவார்கள். புருஷன் முருகானந்தம் ஆழ்குழாய் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். கல்யாணமான மூன்றாம் வருடம் வடக்கே போனவன் இருபத்தாறு வருடங்களாக ராய்ப்பூர்ப் பக்கம் துளை போட்டுக்கொண்டிருக்கிறான். அங்கே மழை பிடித்துவிட்டால் வண்டிகள் காட்டுக்குள் இறங்க முடியாது. அந்த ஓய்வில் ஒன்றரை மாதம் ஊருக்கு வருவான். மீதி நாளெல்லாம் போன்தான்.

உன்னைப் பார்க்க வருகிறேன் என்று அவன் சொன்னதே இல்லை. ஓடு மாற்ற வருகிறேன், மகள் கல்யாணத்துக்கு வருகிறேன், கிணற்று மோட்டாரைப் பார்க்க வருகிறேன் என்பான். கடைசி மூன்று வருடமாக ஒரே காரணம்: "லிஃப்ட் பாக்க வாரேன்."

டிராக்டர் அவர்கள் கல்யாணத்தைவிடப் பழையது. எழுபதுகளில் வந்த வண்டி. மூன்றாவது கையாக வாங்கியது, சிவப்பு வெளுத்து செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டது. ஓட்ட ஆளில்லாததால் மாரக்காளே பழகிக்கொண்டாள். முதலில் சிரித்தவர்கள் பிறகு தங்கள் காட்டுக்கும் ஓட்டக் கூப்பிட்டார்கள். எஞ்சினில் குறையில்லை, லிஃப்ட்டில்தான் குறை. கலப்பையைப் பின்னால் தூக்கிப் பிடிக்கும் இரண்டு இரும்புக் கைகள், எண்ணெயின் அழுத்தத்தில் எழுபவை, காலையில் நன்றாகத் தூக்கின. ஒரு மணி நேரம் ஓட்டியபின் தூக்கிய கலப்பை தானாக இறங்கியது. வரப்போரம் திரும்பும்போதெல்லாம் கலப்பையின் கொழு வரப்பைக் கீறியது.

முருகானந்தம் வந்ததும் வண்டியைக் கொட்டகைக்குள் நிறுத்தி, எதையாவது கழற்றி எதையாவது இறுக்குவான். மாரக்காள் பக்கத்தில் சாக்கைப் போட்டு உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பாள். அவன் தலை வண்டிக்கு அடியில் இருக்கும். அப்படி முகம் தெரியாமல் இருக்கும்போதுதான் அவன் நிறையப் பேசுவான். நர்மதைக் கரையில் எழுநூறு அடிக்குக் கீழே வந்த கருங்கல், சத்தீஸ்கரில் கூடச் சமைக்கும் ஒரிசாக்காரன், முழங்காலில் வந்திருக்கும் வலி. வருடத்தில் அந்தப் பத்துப் பதினைந்து நாட்கள்தான் அவர்களின் இல்லறம் என்று சொன்னால் மிகையாகாது. கடைசியில் கொண்டுவந்த கேனிலிருந்து எண்ணெய் ஊற்றி மூடுவான். நாலு நாள் லிஃப்ட் நிற்கும். அவன் போனபின் மறுபடி இறங்கும்.

போன வருடம் வைகாசியில் மூன்று நாள் நல்ல மழை. ஈரம் ஐந்தாறு நாள்தான் தாங்கும், அதற்குள் உழ வேண்டும். அவள் போன் செய்தாள்.

"கலப்ப சுத்தமா நிக்க மாட்டீங்குதுங்க. பட்டறை பாய்கிட்டக் காட்டட்டுங்களா?"

"வேண்டாம் புள்ள. ஒருத்தனயும் கைய வெக்க உடாத. ஆடியில நானே வந்து பாக்கறேன்."

"ஆடி வரைக்கும் ஈரம் நிக்குங்களா?"

"வாடகைக்கு ஒரு வண்டியக் கூப்புடு."

ஊரிலிருந்த வண்டியெல்லாம் அவரவர் காட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் பொறுத்தாள். இரண்டாம் நாள் காலை கொட்டகையில் கலப்பையை முழு உயரத்துக்குத் தூக்கி, எஞ்சினை நிறுத்தி, கொழு நுனி நின்ற இடத்தில் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டாள். ஒரு சாண் இறங்க நாற்பது நிமிடம் ஆனது. பிறகு வண்டியை ஒரு மணி நேரம் ஓட்டிவந்து, சூட்டோடு அதே இடத்தில் நிறுத்திப் பார்த்தாள். நாலே நிமிடம். வண்டிக்கு அடியில் அட்டையை விரித்துப் பார்த்தாள், ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. அப்படியானால் வெளியே எங்கும் ஒழுகவில்லை. உள்ளேயே எங்கோ நழுவுகிறது, அதுவும் சூட்டில்தான். இருபத்தாறு வருடம் தனியாகக் காடு பார்த்தவளுக்கு இவ்வளவு தெரிந்ததில் வியக்க ஒன்றுமில்லை. மூன்று வருடமாக ஏன் அவள் கோடு போட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் கேட்கத் தக்கது.

அன்று மத்தியானமே சங்ககிரி ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் அப்துல் கரீமுக்குச் சொல்லியனுப்பினாள். பழைய டிராக்டர் லிஃப்ட் என்றால் சுற்றுவட்டாரத்தில் அவர்தான். வந்தவர் சுவர்க் கோடுகளைப் பார்த்தார், அவள் சொன்னதைக் கேட்டார்.

"ஏன் அம்மிணி, நோவையும் நீயே கண்டுபுடிச்சு வெச்சிருக்கற. நான் எதுக்கு, டீ குடிக்கவா?"

"டீயும் இருக்குதுங்க பாய். மொதல்ல பாருங்க."

அவர் அளவுக்கம்பியை உருவி, அதிலிருந்த எண்ணெயை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். முகர்ந்தார். மறுபடி தேய்த்தார்.

"உங்கூட்டுக்காரரு எந்த வேலைக்குப் போறாரு?"

"ரிக் வண்டிக்குங்க."

"அதான பாத்தேன். வாரப்பெல்லாம் கேன் கொண்டாருவாரா?"

"ஆமாங்க. ஒவ்வொரு வருசமும் ரெண்டு கேன்."

கரீம் சிரித்தார். ரிக் வேலைக்குப் போகிற வீடுகளில் அது வழக்கம். வண்டிக்கு எண்ணெய் மாற்றும்போது வடித்ததை வீணாக்க மனம் வராது. வேட்டித் துணியில் வடிகட்டிக் கேனில் அடைத்து, ஊருக்கு வரும் லாரியில் ஏற்றிவிடுவார்கள். வேறு ஊர்க்காரர்கள் மிட்டாய் கொண்டுவருவதுபோல இவர்கள் எண்ணெய் கொண்டுவருவார்கள். எண்ணெயில் குற்றமில்லை. ஆனால் அது ரிக்குக்கு ஆனது, தண்ணீர் மாதிரி. இந்தப் பழைய வண்டிகளில் கியர் பெட்டிக்கும் லிஃப்ட்டுக்கும் ஒரே எண்ணெய்தான், அது கெட்டியாக இருக்க வேண்டும்.

"குளுந்திருக்கறப்ப எப்படியோ தாக்குப்புடிக்கும். சூடாச்சுன்னா சந்து பொந்துல பூரா நழுவிரும். இந்தத் தாலூக்காவுல பாதி டிராக்டருக்கு இதே சீக்குதான் அம்மிணி. புருசன் கொண்டாந்தது, கொட்ட மனசு வராது."

மாரக்காள் மூலையில் கிடந்த காலிக் கேன்களைப் பார்த்தாள். "எல்லாத்தையும் வடிச்சரோணுங்களா?" என்று கேட்டாள்.

"ஒரு சொட்டு இருக்கப்படாது."

மூன்று வருடத்து எண்ணெய் அகலமான தகரத் தொட்டியில் இறங்கியது. அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கரீம் உள்ளே இருந்த வடிகட்டி வலையைக் கழுவி, சரியான எண்ணெயை ஊற்றி, லிஃப்ட்டைப் பத்துத் தடவை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றினார். ஒரு மணி நேரம் ஓட்டியபின் மறுபடி சுவரில் கோடு. இப்போது ஒரு சாணுக்கு இருபது நிமிடம்.

"பரவால்லீங்களே" என்றாள்.

"பரவால்லங்கறது வேற, சரியாச்சுங்கறது வேற. மேல் மூடியத் தொறந்தே ஆகோணும்."

மறுநாள் வந்து, கலப்பையைக் கழற்றி, லிஃப்ட் கைகளை முழுக்கக் கீழே இறக்கிவிட்டு, ஊற்றிய எண்ணெயைச் சுத்தமான தொட்டியில் பிடித்துவைத்துக்கொண்டு, சீட்டோடு சேர்ந்த மூடியைச் சங்கிலி போட்டுத் தூக்கினார். உருளைக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் ஓரிடத்தில் நகம் நுழையும் அளவுக்கு அறுந்திருந்தது. அதை மாற்றி, மூடி, எண்ணெயை மறுபடி ஊற்றி, கலப்பையை மாட்டி, ஓட்டி, சூட்டோடு நிறுத்தினார்கள். இருவரும் டீ குடித்தார்கள். ஒரு மணி நேரமானது. கொழு நுனி கோட்டிலேயே நின்றது.

கிளம்பும்போது மாரக்காள் கேட்டாள். "பாய், அவரு எப்பவாச்சும் உங்களக் கேட்டா, ரப்பர் வளையம் அறுந்திருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

"எண்ணெயச் சொல்லலீன்னா அடுத்த வருசமும் கொண்டாந்து ஊத்துவாரே."

"நான் பாத்துக்கறனுங்க. நீங்க சொல்லாதீங்க."

கரீம் தலையாட்டிவிட்டுப் போனார். மூன்று நாளில் நாலரை ஏக்கரும் உழுது முடிந்தது. வரப்போரம் ஒவ்வொரு முறையும் கலப்பை எழுந்தது, எழுந்த இடத்திலேயே நின்றது. வேலை சுலபமாகிவிட்டதே என்று பக்கத்துக் காட்டுக்காரர் சொன்னார். ஆமாங்க என்றாள். ஒரு குறை தீர்ந்தால் அதோடு வேறு என்னவெல்லாம் தீர்ந்துபோகும் என்று மெக்கானிக்குகள் சொல்வதில்லை. சொல்ல வேண்டியது அவர்கள் வேலையுமில்லை. இனி ஆடியில் அவன் எதைப் பார்க்க வருவான் என்ற கணக்கு, உழுத காட்டைப் பார்த்தபடி நின்ற அவளுக்கு அன்றே புரிந்திருக்க வேண்டும்.

ஆனி கடைசியில் போன் வந்தது. அவள் கடலைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம் புள்ள, இங்க மழை ஆரம்பிச்சிருச்சு. வண்டியெல்லாம் யார்டுல நிக்குது. காவலுக்கு ஒரு ஆளு இருக்கோணுமாம், முதலாளி என்ன இருக்கச் சொல்றாரு."

"சரிங்க."

"ஊட்டுல லிஃப்ட் வேலை இருக்குது, போயாகோணும்னு சொல்லி வெச்சிருக்கறேன். இருக்குதுல்ல?"

அவள் நிமிர்ந்து நின்றாள். அந்தப் பக்கம் தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தம் கேட்டது. பதினோரு மாதமாக இந்தப் போனுக்காகத்தான் இருந்தாள். மாடத்தில் அவன் சவரச் சாமானைக்கூடத் துடைத்து வைத்துவிட்டாள். இருக்குதுங்க, வாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாலாம் நாள் அவன் கொட்டகையில் இருப்பான்.

"வேல ஒண்ணுமில்லீங்க. ரப்பர் வளையம் அறுந்திருந்துச்சு, பாய் மாத்திட்டாரு. நல்லா நிக்குது."



"கைய வெக்க உடாதன்னு சொன்னனல்ல?"

"ஈரம் போயிருமுங்க."

"அப்ப நான் இங்கயே இருந்துக்கட்டுமா?"

"இருங்க" என்றாள்.

அந்த ஆடியில் முருகானந்தம் வரவில்லை. கெங்கவல்லியில் கட்டிக்கொடுத்த மகள் பிரபா நோம்பிப் பண்டிகைக்கு வந்தபோது விஷயம் தெரிந்து, "ஏம்மா, வேல இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பா வந்திருப்பாருல்ல?" என்று கேட்டாள்.

"வந்திருப்பாரு" என்றாள் மாரக்காள். "லிஃப்ட்டப் பாக்க."