வலப்பக்கம் டொக்

படகுத் தரகர்கள் அவருக்கு வைத்த பெயர் டொக்கு. பழைய மோட்டார் படகு வாங்கப்போகிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவரை அழைத்துவந்து காட்டுவார்கள். சின்னப் பிளாஸ்டிக் சுத்தியல் ஒன்றால் படகின் உடம்பு முழுக்கத் தட்டிப் பார்ப்பார். டங் என்று வந்தால் நல்ல உடம்பு. டொக் என்று வந்தால் உள்ளே தண்ணீர் இறங்கி, நடுவிலுள்ள மரம் அழுகி, ஃபைபர் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துவிட்டன என்று பொருள். அவர் டொக் என்று எழுதிக் கொடுத்தால் தரகரின் கமிஷன் அத்தோடு போயிற்று. அந்த வயிற்றெரிச்சலில் வைத்த பெயரை அவர் பட்டம்போலச் சுமந்து திரிந்தார்.

வாயில் நல்ல வார்த்தை சுலபத்தில் வராத மனிதர். தர்பூசணி வாங்கப் போனால்கூட பத்துப் பழத்தைத் தட்டிப் பார்த்து, பத்தையும் குறை சொல்லி, வெறுங்கையோடு திரும்புவார். கடைக்காரர்கள் அவர் தலையைக் கண்டாலே பழத்தின்மேல் சாக்கை இழுத்துப் போர்த்துவார்கள்.

தட்டுவதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. எப்போதும் படகின் மூக்கிலிருந்துதான் தொடங்குவார். முதலில் இடப்பக்கம், மூக்கிலிருந்து வால்வரை. பிறகு மறுபடி மூக்குக்கே வந்து, வலப்பக்கம். இடப்பக்கம் நடக்கையில் இடது காது படகை ஒட்டியிருக்கும். வலப்பக்கம் நடக்கையில் வலது காது. பட்டறை இரைச்சல் நுழையாதபடி மறு காதை விரலால் அடைத்துக்கொள்வார். முப்பது வருடமாக இந்த முறையில் ஒரு மாற்றமும் இல்லை. ஈரம் காட்டும் மீட்டர் ஒன்றும் பையில் கிடந்தது. அதற்கு அவர் கொடுத்த மரியாதை, பையின் அடியில் கொடுத்த இடம்தான்.

அவருடைய தம்பி தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்றதும் ஒரு பழைய படகை வாங்கி, மனைவியோடு அதிலேயே குடியிருக்க வேண்டும் என்பது அவனுடைய ஆசை. ஆசை என்று சொல்வதுகூடக் குறைவு. இருபத்தைந்து வருடம் சத்தத்திலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் அவனைப் பிடித்து நிறுத்தியதே அதுதான். கடைசியில் ஒரு படகு அகப்பட்டது. வயது இருபத்தெட்டு, இரண்டு அறை, சின்னச் சமையலறை, ஆறு வட்ட ஜன்னல். தம்பியின் மனைவி அளவெடுத்து, அண்ணன் வந்து பார்ப்பதற்கு முன்பே ஆறு ஜன்னலுக்கும் நீலத் திரை தைத்து முடித்துவிட்டாள்.

அவர் வந்தார். முதல் வேலையாக எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தார். வாங்குபவர் வருவதற்குள் எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, காலையில் அது படுத்தும் பாட்டை மறைப்பது விற்பவர்களின் பழைய தந்திரம். இந்த எஞ்சின் சில்லென்று இருந்தது. ஒரே முறையில் ஸ்டார்ட் ஆயிற்று, புகையில்லை. குழாய், வயரிங், சுக்கான் எல்லாம் வயதுக்கு மீறி ஒழுங்கு. தம்பியின் முகத்தில் சிரிப்பு நிற்கவில்லை. இடப்பக்கம் தட்டினார், வால்வரை டங் டங் என்றது.

வலப்பக்கம் வந்தார். டொக். ஓரடி தள்ளித் தட்டினார். டொக். மூக்கிலிருந்து வால்வரை அத்தனையும் டொக்.

"அழுகிப்போச்சு. விட்டுடு" என்றார்.

தம்பி அவர் பையைக் குடைந்து மீட்டரை எடுத்து, வலப்பக்கத்தில் நாலைந்து இடத்தில் வைத்துப் பார்த்தான். "ஈரமே இல்லன்னு காட்டுதேண்ணே?"

"அது அப்படித்தான் காட்டும்."

"ஒரு பக்கம் மட்டும் எப்படிண்ணே முழுசாக் கெடும்?"

"முப்பது வருஷமா தட்டுறது நீயா நானா? மீட்டரை நம்பறதுன்னா என்னை எதுக்குக் கூப்பிட்ட?"

தம்பி மீட்டரைப் பையில் வைத்தான். சுத்தியலுக்குக் கீழே, அது இருந்த இடத்திலேயே வைத்தான். மறு வாரம் அந்தப் படகை ஒரு பல் டாக்டர் வாங்கிப்போனார்.

தம்பி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நீலத் திரைகளை வீட்டுச் சமையலறை ஜன்னலில் மாட்டினார்கள். பாதி ஜன்னலுக்குக்கூட அவை எட்டவில்லை. அண்ணன் சாப்பிட வரும் நாட்களில் தம்பி அவருடைய வலது பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவான். முன்பெல்லாம் எதிரே உட்காருகிறவன் இப்போது பக்கத்திலேயே உட்காருகிறானே, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். நினைத்து நிம்மதியும் பட்டார்.

அதற்குப் பிறகு அவர் தட்டிய படகுகளில் அநேகமாக எல்லாவற்றிலும் வலப்பக்கம் டொக் என்றது. கொஞ்சமாவது சந்தேகம் வந்ததா? வரவில்லை. அதற்குப் பதில் ஒரு காரணம் கண்டுபிடித்தார். எல்லாரும் வலப்பக்கத்தைத்தான் கரையோரம் கட்டுகிறார்கள், உரசி உரசித் தண்ணீர் இறங்குகிறது என்று அறிக்கையிலேயே எழுதினார். தரகர்கள் கூடிக் கூடிச் சிரித்தார்கள். அழைப்பு குறைந்தது. நேர்மைக்குக் காலமில்லை என்று வீட்டில் புலம்பினார். மனைவி இரண்டு முறை கூப்பிட்டும் திரும்பாததற்கு அந்தக் கவலையே காரணம் என்று இருவரும் நம்பினார்கள்.

நாலு வருடம் கழித்து அதே படகு விலைக்கு வந்தது. வாங்குபவருக்குப் பழைய கதை தெரியாது; அவரையே அழைத்தார். பட்டறையில் இடநெருக்கடி. வலப்பக்கத்து மூக்கை ஒட்டி இன்னொரு படகை நிறுத்தியிருந்தார்கள். முன்னாலிருந்து நுழைய வழியில்லை.

"பின்னாலேருந்து போங்க சார்" என்றான் கிரேன்காரன்.

முகத்தைச் சுளித்துக்கொண்டே வாலிலிருந்து மூக்கு நோக்கி நடந்தார். இப்போது படகு அவருக்கு இடது கைப்பக்கம் இருந்தது. வலது காதை அடைத்துக்கொண்டு தட்டினார்.

டங்.

நாலடி நடந்து தட்டினார். டங். அழுகின உடம்பு தானாக ஆறாது. திரும்பி நின்று, வலது காதைப் படகை ஒட்டி வைத்து, இடது காதை அடைத்து, அதே இடத்தில் தட்டினார். டொக். மறுபடி திரும்பினார். டங். அந்தச் சந்துக்குள் ஒரு மனிதன் செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றித் தட்டுவதைக் கிரேன்காரன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

காது டாக்டர் அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டார். எஞ்சின் அறைகளில் கழித்த காலம் வலது காதைத் தின்றிருந்தது. கூர்மையான சத்தம் அதில் ஏறாது. மெல்லப் பேசினாலும் கேட்காது. நாலைந்து வருடமாவது ஆகியிருக்கும் என்றார்.

அன்று சாயங்காலமே தம்பி வீட்டுக்குப் போனார். தம்பியின் மனைவி காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு முழங்காலும் போய்விட்டன. படகு ஏறும் ஏணி என்ன, வாசற்படியே அவளுக்குப் பெரும்பாடு. படகுக் கனவு இனி இந்த வீட்டில் இல்லை என்பதை அவர் அன்றுதான் கண்ணால் பார்த்தார். தம்பி வழக்கம்போல அவருடைய வலது பக்கம் வந்து உட்கார்ந்தான்.

அவர் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. "அந்தப் படகு நல்ல படகுடா. என் காதுதான் அழுகினது. உங்க ரெண்டு பேரையும் நான் கெடுத்துட்டேன்."

தம்பி எழுந்து அலமாரி இழுப்பறையைத் திறந்தான். உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டத் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தான். வெளியே வெள்ளை ஃபைபர், நடுவில் மரம். மரம் காய்ந்து, நேற்று அறுத்ததுபோல் இருந்தது.

"பல் டாக்டர் வலப்பக்கத்துல ஒரு குழாய் வைக்க வெட்டினாரு. வெட்டின துண்டு. படகு வாங்கி மூணாவது மாசம். அப்பப்ப போய் அதைப் பார்த்துட்டு வருவேன், அதனால குடுத்தாரு."

"மூணாவது மாசமா? அப்பவே ஏண்டா சொல்லல?"

"சொல்லி என்னண்ணே? படகு போயிடுச்சு. உன் பொழப்பும் போகணுமா? எதிர்ல இருந்து பேசினா உனக்குக் கேக்குது, இந்தப் பக்கம் பேசினா கேக்கலன்னு அப்பவே எனக்குப் புரிஞ்சுடுச்சு."

அவருக்கு அழுகை வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, மன்னித்துவிடு என்றார். தம்பி தலையாட்டினான். கையை விடுவித்துக்கொள்ளவில்லை. பிறகு நாற்காலியில் சாய்ந்து, சுவரைப் பார்த்தபடி, உதடு அதிகம் அசையாமல் ஏதோ சொன்னான். சின்ன வாக்கியமில்லை; நீளமாகவே பேசினான். அவர் வலது காதில் வெறும் மூச்சுக்காற்று மட்டும் பட்டது.

எதிரே இருந்த தம்பியின் மனைவிக்குக் கேட்டது. அவள் முகம் சுருங்கியது. ஆனால் அதிர்ச்சியில்லை, பலமுறை கேட்டுக் கேட்டுச் சலித்தவளின் முகம் அது.

"என்னம்மா சொல்றான்?"

"ஒண்ணுமில்ல மாமா. இருட்டறதுக்குள்ள பார்த்துப் போங்கன்னு சொல்றாரு" என்றாள் அவள்.

நாலு வருடமாகத் தம்பி ஏன் அந்த நாற்காலியை விடவில்லை என்று அவருக்கு அப்போது விளங்கிற்று. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் வாய் நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, சொல்ல வேண்டியதையெல்லாம் தம்பி அவர் காதோடு சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

"சரி, கிளம்பறேன்" என்று எழுந்தார். "ஞாயித்துக்கிழமை வாண்ணே" என்றான் தம்பி, எதிரே வந்து நின்று, நன்றாகக் கேட்கும்படி.