மழை வந்தால் எழுந்துவிடுகிற ஆள்

நெய்வேலிச் சுரங்கத்தில் முப்பது வருஷம் பம்ப் ஓட்டியவன் நான். வானம் கறுத்தால் மற்றவர்களுக்கு மயில் ஞாபகம் வருமோ என்னவோ, எனக்குக் குழியில் எவ்வளவு தண்ணீர் தேங்கும் என்றுதான் ஓடும். லீவில் இருந்தாலும் தூறல் போட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். மகள் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, பள்ளி ஆண்டு விழாவில் அவள் மேடையேற ஐந்து நிமிஷம் இருக்கையில் கோடை மழை பிடித்துக்கொண்டது. நான் போய்விட்டேன். "ஆடி முடிச்சிட்டுப் பார்த்தேன்ப்பா, உங்க சேர் காலியா இருந்துச்சு" என்று அன்றைக்கு ஒரே ஒரு தடவை சொன்னாள். அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

இப்போது நான் ரிட்டயர் ஆகி ஒரு வருஷம். மகள் கோத்தகிரியில் டீச்சர். போன பங்குனியில் போன் செய்தாள்.

"பசங்களுக்கு டான்ஸ் சொல்லிக் குடுத்திருக்கேன்ப்பா. சனிக்கிழமை ஆண்டு விழா. கடைசி வரைக்கும் இருக்கணும்."

"ஓடிக்கினு இருக்க இனிமே எனக்கு என்னா பம்பா இருக்குது? இருக்கேம்மா" என்றேன்.

நெய்வேலியில் நாங்கள் பார்த்த மலை, சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடுதான். நிஜ மலையில் வானம் இவ்வளவு சேட்டை பண்ணும் என்று யார் கண்டது? நான் போய் இறங்கிய முதல் நாள் காலையில் சுள்ளென்று வெயில். துவைத்த துணியைக் கொடியில் போட்டு முடிப்பதற்குள் பனிமூட்டம் வந்து எதிர்வீடு காணாமல் போனது. பத்து மணிக்கு மறுபடி வெயில். இரண்டு மணிக்கு ஆலங்கட்டி மழை. சுண்டைக்காய் அளவுக் கட்டி ஒன்றைப் பொறுக்கி வாயில் போட்டுப் பார்த்தேன். ருசி ஒன்றுமில்லை. நாலு மணிக்கு வானம் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நீலமாக இருந்தது.

வானத்தைப் பார்த்தே மழை சொல்லுவேன் என்று ஷிஃப்டில் பேர் வாங்கியவன் நான். இங்கே மூன்று நாளும் நான் சொன்னது ஒன்றுகூடப் பலிக்கவில்லை. மேகம் மேலே இருந்துதான் வரும் என்று நினைத்திருந்தேன். இங்கே அது பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வருகிறது. ஆர்வம் தாங்காமல் டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"மழை வர்றத எப்புடிங்க கண்டுபுடிக்கிறீங்க?"

"கண்டுபிடிக்கிறதில்லைங்க. வந்தா ஓரமா நிப்போம். போயிரும்."

முப்பது வருஷத்தில் அப்படி ஒரு யோசனை எனக்கு வந்ததே இல்லை.

சனிக்கிழமை மைதானத்தில் நல்ல வெயில். மகள் என்னை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டுப் போனாள். அவளுடைய பிள்ளைகள் மேடையில் வந்து நின்றார்கள். பாட்டுப் போடுவதற்குள் சடசடவென்று மழை. அடுத்து எனக்கு நினைவிருப்பது, பள்ளி கேட்டில் வாட்ச்மேன் என்னை மறித்ததுதான்.

"எங்கங்க போறீங்க?"

"மழைங்க" என்றேன்.

"அது தெரியுதுங்க. நீங்க எங்க போறீங்க?"

கால் தானாகக் கிளம்பி வந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. திரும்பி ஓடினேன். எல்லாரும் வராந்தாவில் ஒதுங்கியிருந்தார்கள். மைதானத்தில் அத்தனை நாற்காலியும் காலி. நான் என் நாற்காலியைத் தேடிப் பிடித்து, கொட்டுகிற மழையில் உட்கார்ந்தேன்.

பத்து நிமிஷத்தில் மழை நின்று வெயில் அடித்தது. மகள் மேடைக்குப் பின்னாலிருந்து வந்தாள். பிள்ளைகளைப் பார்ப்பதற்கு முன்னால் என் நாற்காலியைத்தான் பார்த்தாள். இறங்கி வந்து துப்பட்டாவால் என் தலையைத் துவட்டினாள்.

"எல்லார் மாதிரியும் ஒதுங்கி நின்னிருக்கலாம்லப்பா?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"இருக்கேன்னு சொன்னேன் இல்லம்மா" என்றேன். கேட் வரைக்கும் போய் வந்ததை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.