நான் சொல்லாமல் விட்ட நட்சத்திரப் பெயர்

ஏழு வருடங்களுக்கு முன்பு, ஒரு வைகாசி மாதம், திருச்சுழிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் என் தம்பி மகளுக்குப் பேர் வைத்தோம். வைத்தோம் என்று எல்லோரையும் சேர்த்துக்கொள்வது சரியில்லை. வைத்தது நான்.

எங்கள் பக்கம் பிள்ளைக்குப் பேர் சொல்லும் உரிமை அத்தைக்குத்தான். தொட்டிலில் போடும் முன் பிள்ளையை மடியில் வாங்கி, காதோரம் வெற்றிலையை மறைப்பாகப் பிடித்து, மூன்று தடவை பேரைச் சொல்ல வேண்டும். சொன்னது சொன்னதுதான், பிறகு மாற்ற மாட்டார்கள். மாற்றினால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். நான் வீட்டுக்கு மூத்தவள், ஒரே அக்கா. எனக்கு வாயும் கொஞ்சம் நீளம். என் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது.

தம்பி மனைவிக்குக் காரியாபட்டிப் பக்கம். காலேஜில் பிசிக்ஸ் படித்தவள். நான் ஊருக்குப் போயிருக்கும் நாட்களில், பொழுது சாய்ந்து துணி எடுக்க மாடிக்குப் போகிறவள் இறங்கி வர அரை மணி நேரம் ஆகும். ஏறிப் பார்த்தால் அண்ணாந்து நின்றுகொண்டிருப்பாள். "அங்க என்னத்தா இருக்கு? மேகத்தக்கூடக் காணோம்" என்று கேலி செய்வேன். அதோ அது வெள்ளி, இந்தப் பக்கம் இருப்பது இன்னது என்று கை காட்டுவாள். நான் அடுப்பில் வைத்துவிட்டு வந்த குழம்பை நினைத்துக்கொண்டு நிற்பேன்.

பிள்ளை பிறந்த இரண்டாவது வாரம் எனக்குப் போன் செய்தாள். நான் அப்போது பாளையம்பட்டியில் தையல் கடை வைத்திருந்தேன்.

"மதினி, பாப்பாவுக்கு ஒரு பேரு நெனச்சு வச்சிருக்கேன். ஒரு நட்சத்திரத்தோட பேரு. உங்க தம்பிகிட்டகூடச் சொல்லல. சொன்னா ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாக. நீங்க காதுல சொல்லிட்டா யாரும் எதுவும் பேச மாட்டாக."

பேரைச் சொன்னாள். அந்த நட்சத்திரம் எந்த மாதத்தில், எந்தத் திசையில் தெரியும் என்றெல்லாம் ஆசையாகச் சொன்னாள். நான் ஒரு ஜாக்கெட்டுக்குத் துணியில் அளவு குறித்துக்கொண்டிருந்தேன். கையில் சாக்பீஸ் இருந்தது. அந்தத் துணியின் ஓரத்திலாவது எழுதி வைத்திருக்கலாம். "சரித்தா, சொல்லிருவோம்" என்று போனை வைத்துவிட்டேன்.

விசேஷத்தன்று காலையில், பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது, "மதினி, ஞாபகம் இருக்குல்ல?" என்று மெதுவாகக் கேட்டாள். தலையாட்டினேன். எங்கள் அம்மா இறந்து அப்போது ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் அம்மாவே திரும்பி வந்து பிறந்திருக்கிறாள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

யாரோ நெருக்கியதால் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு மனசு வரவில்லை. ஒருத்தரும் என்னை நெருக்கவில்லை. பிள்ளையை மடியில் வாங்கியபோது, 'நட்சத்திரமாம் நட்சத்திரம், எங்கம்மாவைவிடவா' என்று நினைத்தேன். அம்மா பேரை மூன்று தடவை, கூடத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னேன். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். நிமிர்ந்து பார்த்தால், தம்பி மனைவி தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "மனசுல ஒண்ணும் வச்சுக்காத தாயி. அம்மா பேரு, அதான்" என்றேன்.

"இருக்கட்டும் மதினி. அதுவும் நல்ல பேருதான்" என்றாள்.

விட்டது கவலை என்று வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஐந்து வருடம் அந்தப் பிள்ளையை அவள் பாப்பா, பட்டு என்றுதான் கூப்பிட்டாள். ஒரு தடவைகூட நான் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு அவளுக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. மதுரைக்குக் கொண்டுபோனோம். பதினோரு நாள் இருந்தாள். உயிரில்லாமல் அவளை வண்டியில் திரும்பக் கொண்டுவந்தபோது பிள்ளைக்கு ஐந்து வயது.

போன ஐப்பசியில் ஊருக்குப் போயிருந்தேன். பிள்ளை நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அவரவர் பேரை யார் வைத்தது, ஏன் வைத்தார்கள் என்று எழுதி வரும்படி பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

"அத்தை, அம்மா எனக்கு வேற ஒரு பேரு நெனச்சிருந்தாகளாமே, நட்சத்திரப் பேரு. அப்பா சொன்னாரு. அது என்ன பேரு?"

வாயைத் திறந்தேன். வரவில்லை. திண்ணமாக ஞாபகம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த பேரில், யோசித்துப் பார்த்தால் முதல் எழுத்துகூட நினைவில் இல்லை. தம்பியைப் பார்த்தேன். பிள்ளைக்கு ஒரு நட்சத்திரப் பேர் வைக்க ஆசைப்பட்டேன் என்று அவன் மனைவி ஒருநாள் அவனிடம் சொல்லியிருக்கிறாள். எந்தப் பேர் என்று அவனும் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் நோட்டுகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டாயிற்று. அவளுடைய போனில் இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் தம்பி அதை வைத்திருக்கிறான்.

வாய்க்கு வந்த ஒரு பேரைச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. தாரகை என்றாலும் ஆதிரை என்றாலும் அந்தப் பிள்ளை நம்பியிருக்கும். ஆனால் அவள் அம்மா சொன்னதை மாற்றி இன்னொரு தடவை என் இஷ்டத்துக்கு ஒன்றைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. "அத்தை மறந்துட்டேன்த்தா" என்றேன்.

பிள்ளை கோபப்படவில்லை. "மெதுவா யோசிங்க அத்தை" என்று நோட்டில் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எழுதினாள்.

இப்போது போனில் குழந்தைப் பெயர்கள் வரும் பக்கங்களையெல்லாம் தேடி, வானம், நட்சத்திரம் என்று இருக்கும் பேர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறேன். எல்லாமே அதுதான் போலவும் இருக்கிறது, எதுவுமே அது இல்லை போலவும் இருக்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிள்ளை ஓடி வந்து, "ஞாபகம் வந்துச்சா அத்தை?" என்றுதான் முதலில் கேட்கிறாள். அவள் அம்மா என்னை நம்பிச் சொன்னது ஒரே ஒரு வார்த்தை, அதைக்கூட நான் வைத்திருக்கவில்லை என்பதை ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியிருக்கிறது.