நடுவில் விட்ட இடம்

லோகநாயகி டீச்சரின் ஓவியத்தை இந்த ஊர்க் கலைவிழாக் குழு மேலிருந்து கீழ் வரை கத்தியால் அறுத்தது. பழையதாகித் தானே கிழிந்தது என்று இப்போது சொல்கிறார்கள். பொய். அறுத்தார்கள். அறுபட்ட துணியை இந்தக் கையால் தொட்டுப் பார்த்தேன். இதை எழுதிவிட்டுத்தான் என்னால் அஞ்சலி எழுத முடியும்.

டீச்சர் போய்விட்ட செய்தியை அவரிடம் படித்த மாணவி ஒருவர் போனில் சொன்னார். பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தவர் என்பதால் ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு மண்டபத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். சென்னையிலிருந்து வந்த பேச்சாளர், எழுபதுகளில் நவீன ஓவியம் சென்னையோடு நின்றுவிட்டது, திருவண்ணாமலைக்கெல்லாம் அது வரவே இல்லை என்றார். அம்மையார் கோலப் போட்டிகளுக்கு நல்ல நடுவராக இருந்தார் என்றும் சொன்னார். நான் எழுந்து நின்றேன். "ஐயா உக்காருங்க, கடைசியா பேசலாம்" என்றார்கள். கடைசியில் டீ கொடுத்தார்கள். அதனால் எழுதுகிறேன். எனக்குப் பள்ளிப் படிப்பு கம்மி. போட்டோ பிடிப்பதையும் நாலு வரி எழுதுவதையும் நானே பழகிக்கொண்டேன். டீச்சரை அறிந்தவர்களே, என் எழுத்தில் பிழை இருக்கலாம். விஷயத்தில் இல்லை.

சன்னதித் தெருவில் எழுபதுகளில் எனக்கு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. வேலைக்கு விண்ணப்பிக்கப் படம் வேண்டும் என்று டீச்சர் முதல் தடவை வந்தார். என் பின்திரையில் தாஜ்மகால் இருந்தது. அதன் பக்கத்தில் பூந்தொட்டி வைத்த ஒரு மாடிப்படி. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்தப் படி எங்கண்ணே போவுது?" என்று கேட்டார்.

"போட்டோவுல படி எங்கயும் போவ வேணாம்மா."

"அப்ப அத சுருட்டிடுங்க. எனக்கு வெறுஞ்செவுரு போதும்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் படத்தைக் கழுவி எடுத்தபோது, வெறும் சுவரின் முன் அவர் முகம் நின்ற விதம் என் தாஜ்மகாலைத் தோற்கடித்துவிட்டது. தோற்றதை ஒப்புக்கொள்ள எனக்கு ஆறு மாதம் ஆனது.

டீச்சர் சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்தவர். கண்ணுக்குத் தெரிவதை அப்படியே வரைகிற வேலை முடிந்தது, இனி கோடு கோடாகவே நிற்கட்டும், நிறம் நிறமாகவே நிற்கட்டும் என்று ஒரு கூட்டம் அங்கே கிளம்பியிருந்த காலம் அது. அந்தக் கூட்டத்தில் அவரும் இருந்தார். கண்டதை அப்படியே பிடிக்கத்தான் கேமரா வந்துவிட்டதே என்று அவர் சொன்னபோது, "அப்ப எங்களாலதான் உங்களுக்கு வேல போச்சா?" என்று குத்தலாகக் கேட்டேன். "இல்லண்ணே, உங்களாலதான் எங்களுக்கு விடுதலை" என்றார். அன்றைக்குத்தான் எனக்குப் பின்திரை வரைந்து தருவதாகச் சொன்னார்.

காடாத் துணியில், பசை கலந்த வண்ணப் பொடியால், ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டுடியோவிலேயே வரைந்தார். எந்த நிறம் என் கறுப்பு வெள்ளை பிலிமில் எந்தச் சாம்பலாக விழும் என்று அட்டையில் பூசிப் பூசிப் படமெடுக்கச் சொன்னார். அதற்கப்புறம்தான் திரையில் கை வைத்தார். இடப்பக்கம் மலை. ஆனால் மலை மாதிரி இல்லை. காவியும் கரியுமாக முக்கோணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து நின்றன. வலப்பக்கம் கோபுரத்தின் அடுக்குகள் கட்டு அவிழ்ந்து, சுண்ணாம்பு வெள்ளையிலும் பச்சையிலும் சாய்ந்த பட்டைகளாக ஓடின. நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் துணி.

"நடுவுல ஏன் டீச்சர் உட்டுட்டீங்க?"

"அது நிக்க வர்றவங்க எடம். அங்க நான் வரைஞ்சிட்டா அவங்க எங்க நிப்பாங்க? மெட்ராஸ்ல எங்காளுங்க படத்த செவுத்துல மாட்டிட்டு, தள்ளி நின்னு பாருன்னாங்க. நான் உள்ள வந்து நில்லுன்றேன்."

ஊர் சும்மா இருக்குமா? மலை உடைந்து தலையில் விழுவது போல இருக்கிறது என்றார்கள். மழையில் நனைந்த சுவரா என்று கேட்டார்கள். ஒரு மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, வேறு ஸ்டுடியோவில் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். பழைய திரையைக் கேட்டவர்களிடம், "தாஜ்மகால் வேணும்னா ஆக்ராவுக்கு பஸ் ஏறுங்க" என்றேன். ஏறவில்லை, எதிர் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். நான் திரையை மாற்றவில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து மல்லாட்டைக் கடலை மூட்டையோடு சந்தைக்கு வந்த ஒரு குடும்பத்து அம்மா மட்டும் திரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது முன்னால நம்ம வூட்டு ஆளுங்கோ எல்லாரும் நிக்கலாங்க. அந்த மாளிகை முன்னால நின்னா, கூலிக்கு வந்து நிக்கிற மாதிரி இருந்துச்சி" என்றார். டீச்சரிடம் இதைச் சொன்னேன். பாராட்டுப் பத்திரம் கொடுத்திருந்தால்கூட அவர் முகம் அப்படி ஆகியிருக்காது.

எண்பதுகளின் தொடக்கத்தில், கார்த்திகை மாதக் கலைவிழாவில் அந்தத் திரையை ஓவியமாகவே வைக்கலாம் என்று குழு ஒப்புக்கொண்டது. வருகிறவர்கள் நடுவில் வந்து நிற்க வேண்டும் என்பது டீச்சரின் நிபந்தனை. அதற்கும் சரி என்றார்கள். திரையைக் கழற்றிக் கொண்டுபோய் நானே ஒப்படைத்தேன். சாயங்காலம் நாங்கள் போனபோது திரை மாட்டிய இடத்தில் இல்லை. நாடகக்காரர்கள் வேஷம் கட்ட ஆண்களுக்கு ஒரு மறைப்பும் பெண்களுக்கு ஒரு மறைப்பும் தேவைப்பட்டிருக்கிறது. இரண்டு துண்டாக்கி, கயிற்றில் போட்டிருந்தார்கள்.

"படம் இல்லாத எடத்துலதான் டீச்சர் அறுத்தோம். வெறுந்துணி. ஒரு கோடுகூடக் கெடல பாருங்க" என்றார் செயலாளர். உதவி செய்தவர் பேசுகிற குரல் அது.

டீச்சர் அழுவார் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் இரண்டு துண்டுகளையும் எடுத்துவரச் சொல்லி, ஓர் ஆள் நிற்கிற இடைவெளி விட்டு அருகருகே மாட்டச் சொன்னார். நடுவில் போய் நின்றார். "எடுங்கண்ணே" என்றார்.

"சர்தான், டீச்சரே படமாயிட்டாங்க" என்று செயலாளர் சிரித்தார்.

"இப்பத்தான் சார் இது முடிஞ்சிது" என்றார் டீச்சர்.

நாடகம் முடிந்தபின் ஒரு துண்டு மல்லாட்டை மூட்டைகளை மூடிக்கொண்டு லாரியில் போனது. இன்னொன்று போன இடம் தெரியவில்லை. பள்ளியில் அவரிடம் கிளியும் பூவும் சொல்லிக்கொடுத்தால் போதும் என்றார்கள். சொல்லிக்கொடுத்தார். குழுவின் வாசலை மட்டும் அவர் மறுபடி மிதிக்கவில்லை. என் நெகட்டிவ்கள் ஒரு மழையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. அன்றைக்கு எடுத்த அந்த ஒரு பிரிண்ட்தான் என்னிடம் இருக்கிறது. விழா நடந்த மண்டபம் குறுகல், பின்னால் போக இடமில்லை. அதனால் திரையின் உள் ஓரங்கள் இரண்டும், நடுவில் கைகட்டி நிற்கும் டீச்சரும் மட்டும் விழுந்திருக்கிறார்கள். என்னிடம் அவருடைய மிச்சம் அதுதான். யார் கேட்டாலும் தர மாட்டேன். பார்க்க வரலாம்.

மீதித் திரை உங்கள் வீடுகளில் இருக்கிறது. ஆமாம், உங்கள் அப்பா அம்மாவின் கல்யாணப் படத்துக்குப் பின்னால்தான். அந்த வருடங்களில் சன்னதித் தெருவில் படம் எடுத்துக்கொண்ட ஒவ்வொரு குடும்பமும் அதை எடுத்து வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு உடனே தருகிறேன். பெரிய குடும்பங்கள் முதலில் வரட்டும், அவர்கள் படத்தில்தான் திரை அகலமாகத் தெரியும். சாம்பலைப் பார்த்து அது என்ன நிறம் என்று சொல்ல இப்போது நான் ஒருவன்தான் இருக்கிறேன். நான் இருக்கும்போதே வாருங்கள். டீச்சரிடம் படித்துத் தூரிகை பிடிக்கத் தெரிந்தவர்கள், அதே அளவில் அதை மறுபடி வரைய வேண்டும். பள்ளி அதற்கு ஒரு சுவர் தர வேண்டும். அதன் கீழே அவரை ஓவியர் என்று எழுத வேண்டும். சென்னைப் பேச்சாளர் தன் பேச்சை அச்சில் திரும்பப் பெற வேண்டும். கலைவிழாக் குழு, அடுத்த விழா மலரின் முதல் பக்கத்தில், அறுத்தோம் என்று அந்தச் சொல்லாலேயே எழுத வேண்டும். நடுவை மட்டும் ஒருவரும் நிரப்பக் கூடாது. வேலை முடிந்ததும் முதலில் அங்கே வந்து நிற்க வேண்டியவர், அந்தக் குழுவின் இன்றைய செயலாளர். கேமராவை நான் கொண்டுவருகிறேன்.