அப்பாவைத் தூக்கப் பழகிய மூன்று மாதம்

தம்பிக்குக் கட்டாரில் வேலை சரிவந்த செய்தியைக் கேட்டதும் நான் அவனை வாழ்த்தவில்லை. "அப்ப அப்பாவை ஆர் தூக்குற?" என்றுதான் கேட்டேன். குசினி வாசலில் நின்று மோட்டார்சைக்கிள் திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தவன் அதை நிறுத்தினான். "இன்னும் மூண்டு மாசம் இருக்குத்தானே அக்கா" என்றான். மூன்று மாதத்தில் என்ன மாறப்போகிறது?

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் வழங்காமல் போய் ஏழு மாதமாகியிருந்தது. பேச்சும் குளறியது. கட்டிலிலிருந்து கொமட் கதிரைக்கும், கதிரையிலிருந்து கட்டிலுக்கும் தம்பிதான் தூக்குவான். காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம், செட்டிபாளையத்திலிருந்து பெரியகல்லாற்றுக்கு வந்துபோவான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். எனக்குக் கலியாணம் முடிந்தபோது அப்பா இந்த வீட்டை என் பெயரில் எழுதினார். தம்பி கலியாணம் முடித்து மனிசி வீட்டுக்குப் போனான். அப்பாவை அங்கே கொண்டுபோய் வைக்கலாமே என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். மருமகளின் தாய் தகப்பன் எழுதிக்கொடுத்த வீட்டில் போய்ப் பாயில் கிடக்க அவர் சம்மதிக்கவே மாட்டார்.

என் கணவர் சவூதியில் லொறி ஓடுகிறார். மகள் படிப்புக்காகக் கொழும்பில் இருக்கிறாள். அம்மா போய் ஆறு வருடம். ஆகவே வீட்டில் நானும் அப்பாவும் என் தையல் மெசினும். கட்டார்ச் செய்தி வந்த இரண்டாவது கிழமை ஒரு நாள் தம்பி, ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது, நல்லாகப் பார்ப்பார்களாம் என்று மெல்லச் சொன்னான். "வாயை மூடு" என்றேன். கையில் கத்தரிக்கோல் இருந்தது, நல்ல காலம் அவன் இரண்டாந்தரம் சொல்லவில்லை.

ஆனால் எனக்குள் பயம் பிடித்துவிட்டது. இருபது வருடம் மெசினுக்கு மேல் குனிந்திருந்த முதுகும் நாரியும் என்னுடையவை. கிணற்றடியில் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினால் மதிலைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்வேன். அதைவிடப் பெரிய தடை அப்பா. நான் சோறு ஊட்டலாம், தலை இழுத்துச் சீவலாம், கால் பிடித்துவிடலாம். அதற்கு அப்பால் விடமாட்டார். கதிரைக்குத் தூக்க நான் கிட்டப் போனாலே நல்ல கையால் சாறனை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். "பொம்புளப்புள்ள தொடுற வேலையில்ல. தம்பி வரட்டும்." எனக்கு வயது நாற்பத்துநான்கு.

களுவாஞ்சிக்குடியில் அப்பாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோன நாளில் அங்கிருந்த பிசியோதெரபி மிஸ்ஸிடம் தனியாகப் பேசினேன். என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள், கண்டிப்பானவள். நான் இடுப்பில் கட்டியிருந்த பெல்ட்டைக் கழற்றச் சொன்னாள். "இதை நம்பினா உள்ளுக்க இருக்கிற தசை வேலையே செய்யாது. முதல்ல வயித்தையும் நாரியையும் பலப்படுத்துங்க. பிறகு தூக்கிறதப் பத்திக் கதைப்பம்." கட்டிலில் படுத்து அவளே செய்துகாட்டினாள்.

அன்றிலிருந்து மெசினுக்கும் சுவருக்கும் இடையில் பாய் விரித்தேன். முழங்கையை ஊன்றி, கால் விரல் நுனியில் உடம்பைப் பலகை போல நேராகப் பிடிக்கவேண்டும். பிளாங் என்று பெயர். முதல் நாள் ஃபோனில் நேரம் வைத்தேன், பன்னிரண்டு செக்கன் வருமுன் வயிறு நடுங்கிப் பாயில் விழுந்தேன். அடுத்தது மல்லாந்து படுத்துக் கையையும் காலையும் மேலே தூக்கி மாறி மாறி இறக்குவது, மருந்தடித்த கரப்பான் மாதிரி. பிறகு முழங்காலை மடித்துப் படுத்து இடுப்பை மட்டும் உயர்த்துவது. கடைசியாக வீடு கூட்டும் தும்புத்தடியை முதுகோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தலையிலிருந்தும் இடுப்பிலிருந்தும் தடி விலகாமல் குனிந்து நிமிர்வது. அந்தத் தடி என்னிடம் வாங்கிய பேச்சுக் கொஞ்சமில்லை. ஒவ்வொரு தரமும் விலகும், ஒவ்வொரு தரமும் அதை ஏசுவேன்.

"என்ன சத்தம் அங்க?" என்று அப்பா அறைக்குள்ளிருந்து கேட்பார்.

"மெசினைத் தள்ளிவைக்கிறன் அப்பா."

"ஒவ்வொரு நாளுமா?"

பதில் சொல்ல எனக்கு மூச்சு இருக்காது. அவருக்குத் தெரிந்தால், இதற்காகவே இன்னும் இறுகிப்போவார் என்று ஒளித்துச் செய்தேன்.

ஒன்றரை மாதத்தில் ஒரு நிமிடம் பிளாங் பிடித்தேன். வாளி இலேசானது. மிஸ் சொன்னாள், "இனி ஒரு ஆளை வச்சுப் பழகுங்க. உங்கட தம்பியையே கதிரையில இருத்தித் தூக்கிப் பாருங்க." எனக்கு அது தேவையில்லாத வேலையாகப் பட்டது. தம்பி சிரிப்பான் என்ற வெட்கம் வேறு. வயல் வட்டையில் நெல் மூட்டையோடு வளர்ந்தவளுக்குப் பாரம் என்றால் மூட்டைதான். வாவிக்கரையில் மணல் அள்ளி யூரியாப் பையில் நிரப்பிக் கட்டி, கிழமைக்குக் கிழமை மணல் கூட்டினேன். மகளின் கட்டிலில் அதை இருத்துவேன். காலை அகட்டி, முழங்காலை மடக்கி, பையைக் கட்டிப்பிடித்து, வயிற்றை இறுக்கி, மூச்சை விட்டபடி எழும்பி, நாரியைத் திருப்பாமல் பாதத்தால் திரும்பிக் கதிரையில் இறக்குவேன். ஒரு நாளைக்குப் பத்துத் தரம். தம்பி போக இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தபோது, அப்பாவின் பாரத்துக்குக் கிட்டத்தட்டச் சரியான பையைத் தூக்கி வைத்துவிட்டு, எனக்கென்ன குறை என்று நின்றேன். மண்டைக்கனம்தான்.

அந்தக் கிழமை தம்பி மெடிக்கல் பரிசோதனைக்காகக் கொழும்புக்குப் போனான். காலையும் பின்னேரமும் தன்னுடைய கூட்டாளி ஒருவன் வந்து அப்பாவைத் தூக்குவான் என்று சொல்லிவிட்டுப் போனான். காலை ஏழரைக்கு வரவேண்டியவன் எட்டரைக்கும் வரவில்லை. ஃபோன் அடித்தேன், எடுக்கவில்லை.

"வந்தானா?" என்றார் அப்பா.

"வருவான்."

ஒன்பது மணிக்கு அவருடைய நெற்றி வேர்த்திருந்தது. நல்ல கையால் மெத்தை விரிப்பைக் கசக்கினார். அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. எனக்கு அவர் மேல் பாவமாகவும் வந்தது, கோபமாகவும் வந்தது. பெற்ற பிள்ளை பக்கத்தில் நிற்கிறாள், ஊரான் ஒருவனுக்காக இந்த மனிசன் வேர்த்துக்கொண்டு கிடக்கிறார்.

"நான் தூக்குறன் அப்பா."

"வேணா."

"அவன் வரமாட்டான்."

"வேணாம் எண்டு சொன்னன்."

ஒன்பதரைக்கு நான் கேட்பதை விட்டுவிட்டேன். கொமட் கதிரையைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, அவரை நிமிர்த்தி இருத்தி, கையைக் கக்கத்துக்குக் கீழால் விட்டுக் கட்டிப்பிடித்தேன். வயிற்றை இறுக்கினேன். மூச்சை விட்டேன். எழும்பினேன். அப்பாவும் எழும்பினார், அரைவாசி. அந்த இடத்தில் அவர் உடம்பு முழுக்க விறைத்தது. நல்ல கை போய்க் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. நான் கதிரைப் பக்கம் திரும்புகிறேன், அவர் கட்டிலைவிட்டு வரமாட்டேன் என்று இழுக்கிறார். மணல் பை ஒரு நாளும் என்னை எதிர்த்து இழுத்ததில்லை. என் வலது முழங்கால் மடிந்தது. அவரைக் கைவிடாமல் மெல்ல மெல்லக் கீழே சரிந்து, இரண்டு பேரும் சீமெந்துத் தரையில் இருந்தோம். அவர் முதுகு கட்டிலில் சாய்ந்திருந்தது, தலை என் தோளில்.

அடி படவில்லை. ஆனால் அவ்வளவு நேரமாக அவர் அடக்கிவைத்தது அடங்கவில்லை. அவர் சாறனும் என் சட்டையும் நனைந்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னை அந்த இல்லத்துல விடு" என்றார்.

அதைப் பற்றி அவருக்குத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. மெசினடியில் நாங்கள் கதைத்தது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு மேலாக இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டுதான் நான் ஊட்டிய சோற்றைத் தின்றிருக்கிறார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வந்ததோ கத்தலாக வந்தது.

"நான் உயிரோட இருக்கக்குள்ள நீங்க ஏன் அங்க போகவேணும்? இவ்வளவு நாளா நான் மெசினையா தள்ளினன்? உங்களைத் தூக்கத்தான் அப்பா பழகினன்! நாரி நோகநோகப் பழகினன்!"

கத்திக் களைத்தபோதுதான் என் புத்தியில் உறைத்தது. இவ்வளவு நாளாகப் பழகினேன், இவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மணலுக்கு வெட்கம் இல்லை, பயம் இல்லை, அதனிடம் கேட்கவும் தேவையில்லை. அதைத் தூக்கிய அதே மாதிரி இவரையும் வந்து அள்ளப் பார்த்திருக்கிறேன். மணல் பைக்குக் காலும் இல்லை. அப்பாவுக்கு ஒரு நல்ல கால் இருந்தது, ஒரு நல்ல கை இருந்தது. அவை எனக்கு எதிராக வேலை செய்ததற்குக் குற்றவாளி நான்தான்.

குரலை இறக்கினேன். "அப்பா, கட்டிலைப் பிடிக்காதீங்க. என்ட கழுத்தைப் பிடிங்க. இடக்காலை இப்பிடி மடக்கி ஊண்டுங்க. நான் தூக்கக்குள்ள நீங்க காலால உன்னுங்க. விழுந்தா விழுவம், இனி விழ என்ன இருக்கு. நான் உங்களைப் பார்க்கமாட்டன், அந்த யன்னலைத்தான் பார்ப்பன்."

அவருடைய நல்ல கை சட்டத்தை விட்டது. தயங்கித் தயங்கி வந்து என் பிடரியைச் சுற்றியது. சின்ன வயதில் என்னைச் சைக்கிளில் ஏற்றிய கை என்றெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவில்லை. பிடி இறுகுமா, வழுக்குமா என்பது மட்டும்தான் என் யோசனை.

"ஒண்டு" என்றேன். "ரெண்டு."

"மூண்டு" என்றார் அப்பா.

அவர் கால் தரையை உதைத்தது. என் வயிறு கல்லாக இறுகியது. யன்னலுக்கு வெளியே மதில் மட்டும் தெரிந்தது, அதையே பார்த்துக்கொண்டு எழும்பினேன். பாதத்தால் இரண்டு எட்டுத் திரும்பினேன். கதிரை அவர் தொடையில் தட்டியதும் மெல்ல இறக்கினேன். அவர் இருந்துவிட்டார்.

கழுவினேன், துடைத்தேன், புதுச் சாறன் உடுத்திவிட்டேன். யன்னலைப் பார்த்துக்கொண்டே செய்தேன். கட்டிலுக்குத் திரும்பும்போது எண்ணியது அவர்தான், ஒன்றிலிருந்து.

பின்னேரம் தம்பி ஃபோன் அடித்தான். மெடிக்கல் சரியாம். கூட்டாளி வராததைச் சொன்னதும் பதறிப்போனான். இரவு பஸ் எடுத்து விடியவே வந்துவிடுகிறேன் என்றான். அப்பா கையை நீட்டினார். ஸ்பீக்கரில் போட்டு அவர் வாயருகில் பிடித்தேன்.

"நாளைக்கு வராத மகன். போற வேலையப் பார். இஞ்ச ஆள் இருக்கு."

தம்பிக்கு அந்தக் குளறல் பிடிபடவில்லை. "என்ன அக்கா சொல்றார்?" என்று கேட்டான். நான்தான் எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது. "நாளைக்கு வரவேணாமாம்" என்றேன். "இஞ்ச ஆள் இருக்காம்."