இந்த வண்டி சிவப்பு

தாய்லாந்தில் கோராட் நெடுஞ்சாலையில் இருக்கிற, பழைய கார் விற்கிற அந்தக் கடையில் வண்டியின் உடம்பைக் கழுவ நாலு பேர் உண்டு. கண்ணாடி மட்டும் லம்துவனுக்கு. வேறு யாரையும் தொட விட மாட்டாள். தொடவும் யாருக்கும் ஆசையில்லை. உள்ளே ஒட்டின கறுப்பு ஃபிலிமை உரிப்பது, அதன் பசையைக் கரைப்பது, வரி வில்லையைச் சுரண்டுவது, மழைநீர் காய்ந்து காய்ந்து கல்லாய்ப் பிடித்த வெள்ளைப் புள்ளிகளைத் தேய்ப்பது, இதெல்லாம் உட்கார்ந்து செய்கிற வேலையா? முதுகை வளைத்து, பின்சீட்டில் மண்டி போட்டு, வெயிலில் வேகிற வேலை.

அவள் முறை எளிமையானது. சோப்புத் தண்ணீர் தெளித்து, மேலே கறுப்புக் குப்பைப் பையை ஒட்டி, ஒரு மணி நேரம் வெயிலுக்கு விட்டுவிடுவாள். பசை இளகிவிடும். பிறகு பிளேடு. பின்கண்ணாடியில் சூடேற்றும் கம்பி கோடு கோடாய் ஓடுமே, அங்கே மட்டும் பிளாஸ்டிக் தகடு. ஒரு கோடு அறுந்தால் முதலாளி குதிப்பார். கடைசியில், பெயின்ட் கரைக்கிற தின்னர் ஒரு சொட்டு. பிசுக்கு மிச்சமிருக்கிறதா என்று எல்லோரும் விரலால் தடவிப் பார்ப்பார்கள். லம்துவன் கன்னத்தை வைத்துப் பார்ப்பாள். தின்னர் அவள் விரல் நுனிகளை எப்போதோ தின்றுவிட்டது.

விரல் மட்டும் மரத்துப்போயிருந்தால் சரி. எதிர்க்கடையில் பப்பாளி சாலட் இடிக்கிற மாலி ஒருநாள் வேண்டுமென்றே பத்து மிளகாயை நசுக்கிப் போட்டுக் கொடுத்தாள். லம்துவன் பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் திருப்பிக் கொடுத்தாள். "அடியே, உனக்கு நாக்கா, செருப்புத் தோலா?" என்று மாலி கேட்கும்போது அவள் ரோட்டைத் தாண்டியிருந்தாள்.

அந்தக் கடையில் ஒரு வேலைக்கு எல்லோரும் பயந்தார்கள். வெள்ளைக் காரின் பின்னால் "இந்த வண்டி பச்சை" என்று ஒட்டியிருக்கும். நீலக் காரின் பின்னால் "இந்த வண்டி மஞ்சள்" என்றிருக்கும். பிறந்த கிழமைக்கு ஆகாத நிறத்தில் வண்டி வாங்கிவிட்டால் விதியை ஏமாற்ற இப்படி ஒரு பொய். விதிக்குப் படிக்கத் தெரியும், பார்க்கத் தெரியாது போல! சிரிப்பாய்த்தான் இருக்கும். ஆனால் அதைச் சுரண்டச் சொன்னால் கழுவுகிற சுதினுக்கு உடனே வயிறு வலிக்கும். "லம்துவன் அக்காகிட்ட குடுங்க. அவங்களுக்கு இனிமே என்ன ஆகிடப் போகுது?" என்பான். அவள் காதுபடவே சொல்வான். அவளும் பிளேடை எடுத்துக்கொண்டு வருவாள்.

ஆகவேண்டியது ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே ஆகிவிட்டது. அவள் புருஷன் பெயர் புன்சொங், சந்தைக்கு முட்டைக்கோஸ் ஏற்றுகிறவன். ஆசை ஆசையாய் ஒரு கறுப்பு பிக்கப் வாங்கினான். பிறப்புச் சான்றிதழில் வியாழன் என்றிருந்தது. வியாழனுக்குக் கறுப்பு ஆகாது என்று கடைக்காரன் "இந்த வண்டி சிவப்பு" ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்தான். சந்தையில் விடுவார்களா? "ஏம்பா, கண் டாக்டரைப் பாரு", "சிவப்புத் துரை வந்தாச்சு" என்று தினமும் ஓட்டினார்கள். ஒருநாள் வீட்டுக்கு வந்து, "ஏய், அதைச் சுரண்டிப் போடு. மானம் போகுது" என்றான். அவளும் சுரண்டினாள். பதினோராம் நாள், விளக்கில்லாமல் ரோட்டோரம் நின்ற லாரியில் போய் மோதினான்.

லம்துவன் அழவில்லை. தகனம் முடியும்வரை தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. மாமியார் மட்டும் ஒரே ஒரு தடவை, "கண்ணாடியை நல்லாத்தான் சுத்தம் பண்ணே" என்றாள். அதற்கு முன்னால் வாய் ஓயாத கிழவி அவள். "என் மவன் பொறந்தப்ப கும்மிருட்டு. பிக்குகூட இன்னும் பிச்சைக்குக் கெளம்பல, இவன் அதுக்குள்ள சோறு கேட்டு அழுதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அந்தக் கதையும் அன்றோடு நின்றது. கொன்றவள் என்று லம்துவனே தனக்குப் பேர் வைத்துக்கொண்டாள். வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

போன சித்திரையில் ஒரு கறுப்புக் கார் வந்தது. பின்னால் "இந்த வண்டி சிவப்பு." வாங்கியவள் பிம்சிரி, பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ், இருபத்தாறு வயது. சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்து, "அக்கா, அதை எடுத்துடுங்க. நாளைக்கு ஊருக்குப் போகணும்" என்றாள்.

வாடிக்கையாளரிடம் லம்துவன் பேசி யாரும் கேட்டதில்லை. அன்று கேட்டார்கள்.

"என்னிக்குப் பொறந்தே?"

"வியாழக்கிழமை."

லம்துவன் பிளேடைக் கீழே வைத்தாள். "அப்ப மாட்டேன்."

சுதினுக்குக் கையிலிருந்த குழாய் நழுவியது. முதலாளி நிழலிலிருந்து எழுந்து வந்தார். "என்ன இது புதுசா? ஆறு வருஷமா எத்தனை சுரண்டியிருக்கே?"

"அவங்க யாரும் கறுப்பு வண்டியோட வந்து வியாழன்னு சொல்லல."

"சுரண்டு, இல்லேன்னா வீட்டுக்குப் போ."

"போறேன். இவளை இந்த வண்டியில அனுப்ப மாட்டேன். நான் செத்தாலும் மாட்டேன்" என்று கத்தினாள். அந்தக் குரல் எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை.

பிம்சிரி பயந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டாள். "அய்யோ அக்கா, கேளுங்க. நான் பொறந்தது விடிகாலை நாலு மணிக்கு. வியாழன்னு ஆஸ்பத்திரிக்காரன் எழுதினது. அவனுக்கு நடுராத்திரி பன்னெண்டுக்கு நாள் மாறும். பொழுது விடிஞ்சாத்தானே நாள் பொறக்கும்? எங்க ஊர் பெரிய பிக்கு கணக்குப் போட்டுப் பாத்துட்டார். நான் புதன் ராத்திரி. புதன் ராத்திரின்னா ராகுவோட ஆளு. ராகுவுக்குக் கறுப்புப் பண்டம் எட்டு வச்சுக் கும்பிடறோமே, அப்புறம் கறுப்பு எனக்கு ஆகாமப் போகுமா? இந்த ஸ்டிக்கர் முன்னாடி வச்சிருந்தவனோடது."

லம்துவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடியறதுக்கு முன்னாடி பொறந்தா?"

"முந்தின நாள் கணக்குதான்."

"பிக்கு பிச்சைக்குக் கெளம்பறதுக்கு முன்னாடின்னா?"

"அப்ப இருட்டுதானே அக்கா. முந்தின நாள்தான்."

லம்துவன் குனிந்து பிளேடை எடுத்தாள். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே நிழலுக்குப் போனார். பிம்சிரி மாலி கடைக்குச் சாப்பிடப் போனாள்.

ஸ்டிக்கர் சுலபமாக வந்துவிட்டது. எழுத்து வரவில்லை. பல வருஷ மழையும் வெயிலும் சுற்றியிருந்த கண்ணாடியை அரித்திருக்க, எழுத்துக்கு அடியில் மட்டும் புதுக் கண்ணாடியாய் மிஞ்சியிருந்தது. "இந்த வண்டி சிவப்பு" என்று பளிச்சென்று படிக்க முடிந்தது. அவள் தேய்க்கும் பொடியைக் குழைத்து எடுத்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தாள். ஒரு மணி நேரம் தேய்த்தாள். இரண்டு மணி நேரம் தேய்த்தாள்.

நியாயமாய்ப் பார்த்தால் மனசு லேசாகியிருக்க வேண்டும். கும்மிருட்டில் பிறந்த புன்சொங்கும் புதன் ராத்திரிக்காரன்தான், அவள் கொல்லவில்லை. அந்த ஸ்டிக்கர் அவனுக்குத் தேவையே இல்லை, இருந்திருந்தாலும் போயிருப்பான். ஆனால் லேசாகவில்லை. இத்தனை வருஷம் அவன் சாவுக்கு ஒரு காரணமாவது இருந்தது, அது அவள் கையில் இருந்தது, தினமும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டாள். இப்போது அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

"அக்கா, எழுத்து போயிடுச்சு. விடுங்க" என்றான் சுதின்.

அவள் கன்னத்தைக் கண்ணாடியில் வைத்தாள். ஒரு பிசுக்கில்லை. எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

"அப்ப நீ எதுக்குய்யா செத்தே?" என்று கேட்டாள்.

தன்னைத்தான் ஏதோ கேட்கிறாளோ என்று சுதின் தண்ணீரை நிறுத்தினான்.